உணர்வு நின்ற இடம்

முதுகுவலியோடு தியானத்தில் உட்காருகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உட்காராதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நானே இப்போதும் உட்காருகிறேன், தரையில் முடியாததால் நாற்காலியில். ஆனால் எனக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

நான் மும்பை தாராவியில் பிறந்தவள். பெயர் செல்வி. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். தோல் பை தைக்கும் ஒரு கார்கானாவில், அதாவது சிறு பட்டறையில், தைத்து வரும் பைகளைச் சரிபார்த்து நூல் வெட்டுவது என் வேலை. வீட்டுக்காரர் முத்து, டிராம்பேயில் எண்ணெய் ஆலைகளுக்குக் குழாய் பொருத்தும் ஒப்பந்த வேலையில் இருக்கிறார். ஒரே மகள் நித்யா, செம்பூரில் ஒரு கண் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள்.

அம்மா இறந்தபின் எனக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நானும் ஒருநாள் அம்மாவைப் போலத்தான் மூச்சுக்குத் திணறிக் கிடப்பேன் என்று தோன்றும். எழுந்து உட்கார்ந்து விளக்கைப் போடுவேன். என்னால் மற்ற இருவருக்கும் தூக்கம் கெடும். கார்கானாவில் கூட வேலை பார்த்த மராத்திப் பெண் ஒருத்தி, தங்கள் பகுதியில் இருந்த புத்த விகாரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப்போனாள். அங்கே விபஸ்ஸனா தியானம் சொல்லித் தரும் அம்மாவை எல்லோரும் தாயி என்று கூப்பிட்டார்கள். மராத்தியில் அக்கா என்று பொருள். அவர்தான் என்னைப் பத்து நாள் வகுப்புக்கு அனுப்பினார்.

மலைப்பக்கம் இருந்த அந்த மையத்தில் பத்து நாளும் பேசக்கூடாது. முதலில் மூக்கு நுனியில் மூச்சு வந்துபோவதை மட்டும் கவனிக்க வேண்டும். பிறகு கவனத்தை உச்சந்தலையில் தொடங்கிக் கால் விரல் வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் அரிக்கும், ஓரிடத்தில் சுடும், ஓரிடத்தில் வலிக்கும். எதையும் பிடித்துக்கொள்ளவும் கூடாது, விரட்டவும் கூடாது. வந்தது போகும் என்று சும்மா பார்க்க வேண்டும். சில அமர்வுகளில் ஒரு மணி நேரம் கையையோ காலையோ அசைக்காமல் உட்கார வேண்டும். நொந்துபோன முழங்கால் திடீரென்று வலி கரைந்து லேசானபோது நான் சத்தமில்லாமல் அழுதேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அமைதியை அதற்குமுன் அறிந்ததில்லை.

வீட்டுக்கு வந்த அன்று படுத்தவுடன் தூங்கிவிட்டேன். முத்துவுக்கு ஒரே ஆச்சரியம். "மாசத்துக்கு ஒருக்கா உன்னிய அனுப்பி வச்சிரலாம் போலுக்கே" என்று சிரித்தார்.

இரண்டு வருடம் போல விடாமல் உட்கார்ந்தேன். அப்புறம்தான் முதுகில் வலி தொடங்கியது. இரண்டு தோள்பட்டைக்கும் கீழே, நடு முதுகில், ஆழத்தில் குடைவதுபோல. தெருமுனை டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. தரையில் குனிந்து வேலை பார்க்கிறவர்களுக்கு வருவதுதான் என்று சொல்லி வலி மாத்திரை எழுதினார். மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்ப வந்தது. சாயங்காலம் உடம்பு லேசாகச் சுடும். உடம்பும் இளைத்தது. "இப்பதான்க்கா நல்லாருக்க" என்று கார்கானாவில் சொன்னார்கள். எனக்கும் அது சந்தோஷமாக இருந்தது.

வலியோடு உட்காரத்தான் எனக்குக் கற்றுத் தந்திருந்தார்களே. உட்கார்ந்தேன். வலியைப் பார்த்தேன். அது அசையவில்லை. அசையாவிட்டாலும் பரவாயில்லை, நான் அசையக்கூடாது என்று உட்கார்ந்தேன்.

மழைக்காலத்தில் கால்களில் வேறொன்று தொடங்கியது. தொடையிலிருந்து பாதம் வரை சிலுசிலுவென்று ஓடியது. ஆயிரம் எறும்பு மெதுவாக நடப்பதுபோல் இருந்தது. தியான வகுப்பின் பேருரைகளில் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். பயிற்சி முதிர்ந்தால் உடம்பின் கெட்டித்தன்மை உடைந்து, எல்லாம் நுண்ணிய அதிர்வாக ஓடும், கரையும் என்பார்கள். அதைப் பங்க நிலை என்பார்கள். புத்தர் அடைந்த விழிப்பை நோக்கிப் போகிற பாதையில் அது முக்கியமான ஒரு கட்டம். எனக்கு அது வந்துவிட்டது என்று நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை தாயியிடம் போய், "காலெல்லாம் தண்ணி மாதிரி ஓடுது தாயி, கெட்டியா ஒண்ணுமே இல்ல" என்று இந்தியில் சொன்னேன்.

அவர் சிரித்தார். "நல்லது. ஆனால் அதில் ஆசை வைக்காதே. அதுவும் போய்விடும்" என்றார்.

சொன்னது சரியான போதனைதான். என் காலில் ஓடியதுதான் வேறு.

ஒரு சனிக்கிழமை, கிங்ஸ் சர்க்கிளில் காப்பித்தூள் வாங்கிக்கொண்டு நடந்து வந்தேன். "அக்கா! ஓ அக்கா! செருப்பு!" என்று பூக்காரம்மா பின்னாலிருந்து கத்தினாள். திரும்பிப் பார்த்தேன். என் இடது கால் செருப்பு நாலு கடை தள்ளி நடைபாதையில் கிடந்தது. அது கழன்றது எனக்குத் தெரியவில்லை. வெறும் காலில் அவ்வளவு தூரம் நடந்ததும் தெரியவில்லை. குனிந்து பாதத்தைப் பார்த்தேன். கண்ணாடித் துண்டு ஒன்று குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது. வலிக்கவே இல்லை. செருப்பை எடுக்கத் திரும்பினேன். இரண்டு காலும் மடிந்துவிட்டன.

மாநகராட்சியின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது சின்ன வயது டாக்டர் ஒருவர் வந்தார். நித்யாவைவிட இரண்டு மூன்று வயது கூடுதல் இருக்கும். குண்டூசியால் என் கழுத்துக்குக் கீழே குத்தினார். "குத்துதா?" என்று இந்தியில் கேட்டார். குத்தியது. நெஞ்சில் குத்தியது. மேல் வயிற்றில் குத்தியது. தொப்புளுக்குக் கீழே வந்ததும் அவர் கை போவதைக் கண் பார்த்தது, உடம்புக்குத் தெரியவில்லை. அவர் மறுபடி மேலே போய் மறுபடி கீழே வந்தார். தொப்புளை ஒட்டி, பேனாவால் கோடு போட்டதுபோல் உணர்வு நின்றது.

"காலையிலிருந்து ஒண்ணுக்குப் போனீங்களா?"

யோசித்தேன். போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் முகம் மாறியது. உடனே குழாய் வைத்தார்கள்.

எம்ஆர்ஐ எடுக்க ஒரு குறுகிய குழாய்க்குள் தள்ளினார்கள். உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். மூச்சைக் கவனிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அம்மா மூச்சுக்குத் திணறியதுதான் கண்ணில் வந்தது.

மறுநாள் டாக்டர் முத்துவையும் நித்யாவையும் வைத்துக்கொண்டு சொன்னார். முதுகெலும்பில் டிபி. காசநோய் நுரையீரலில் மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தோம். கிருமி ரத்தத்தில் போய் எலும்பிலும் உட்காருமாம். நெஞ்சுக்குப் பின்னால் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எலும்புகளை அது அரித்திருந்தது. அங்கே சீழ் கட்டி, எலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. மூளைக்கும் காலுக்கும் சேதி போகிற கம்பி அது. முதலில் நசுங்கும்போது சிலுசிலுப்பு. பிறகு மரத்துப்போதல். பிறகு கால் விழுந்துவிடும். சாயங்காலச் சூடும் உடம்பு இளைத்ததும் அதனால்தான். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு என்றும் சொன்னார்.

"ஆபரேஷன் பண்ணா நடப்பாங்களா சார்?" என்று நித்யா கேட்டாள்.

"நசுக்கிறத எடுத்துடுவோம். நரம்பு எவ்வளவு திரும்ப வரும்னு இப்பச் சொல்ல முடியாது."

அந்தச் சிலுசிலுப்பு என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முத்துவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்தேன்.

அறுவைக்கு முன்னால் ஊசியால் சீழ் எடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று சோதித்தார்கள். அது தெரியும்வரை பெண்கள் வார்டில் காத்திருந்தேன். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் கண்ணை மூடி, உச்சந்தலையிலிருந்து தொடங்கினேன். நெற்றி, கன்னம், தொண்டை, தோள், நெஞ்சு. தொப்புள் வரை வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வலி, சூடு, அரிப்பு எதுவும் இல்லை. மாடிப்படியில் இறங்கும்போது அடுத்த படி இல்லாததுபோல் மனம் அந்தரத்தில் கால் வைத்தது. கத்திக்கொண்டு கண்ணைத் திறந்தேன்.

பேருரையில் இன்னொன்றும் கேட்டிருந்தேன். எல்லாம் கரைகிறது என்று பார்த்தவனுக்கு அடுத்தபடியாகப் பயம் வரும், அந்தப் பயமும் ஒரு ஞானம் என்று. நானும் கொஞ்ச நாள் அதைப் பிடித்துக்கொண்டேன். இது அந்தப் பயம்தான், நான் முன்னே போய்க்கொண்டிருக்கிறேன் என்று. ஆனால் மலம் போனது தெரியாமல் கிடந்து, நாற்றம் வந்த பிறகு ஆயாவைக் கூப்பிட வேண்டிவந்த அன்று அந்த நினைப்பு போய்விட்டது. எனக்கு இருந்தது எல்லோருக்கும் இருக்கிற பயம். படுத்தே கிடந்து சாவோமோ என்கிற பயம்.

அடுத்த கட்டிலில் மெஹருன்னிசா லாத்தா இருந்தார். எங்கள் தெற்குப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். டிராம்பே பக்கத்துக் குடியிருப்பான சீத்தா கேம்ப்பில் வீட்டிலேயே இடியாப்பம் பிழிந்து விற்கிறவர். பரணுக்கு ஏறும் இரும்பு ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்திருந்தது. அறுவை முடிந்துவிட்டது, கால் வரவில்லை. படுத்தபடியே தலையை மட்டும் லேசாகச் சாய்த்துத் தொழுவார். நான் கத்தியபோது அவர்தான் கையை நீட்டினார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் எங்கள் விரல் நுனிகள்தான் எட்டின.

"என்ன புள்ள, கெட்ட கனவா?"

"இல்ல லாத்தா. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப அதுக்கு மருந்து இல்ல" என்றார்.

முத்து வேலை முடிந்து டிராம்பேயிலிருந்து பஸ் பிடித்து நேராக வருவார். பார்வையாளர் நேரம் முடிய அரை மணி இருக்கும். வந்ததும் போர்வையை விலக்கி, என் கால் கட்டைவிரலை அழுத்துவார்.

"இது தெரியுதா?"

"தெரியல."

பாதம், கணுக்கால், முழங்கால் என்று மேலே வருவார். ஒவ்வொன்றுக்கும் கேட்பார். தெரியல, தெரியல என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பிறகு போர்வையை மூடிவிட்டு, மாதுங்காவிலிருந்து வாங்கி வந்த ரசத்தை ஊற்றிக் கொடுப்பார். செலவைப் பற்றி என் காதில் யாரும் போடவில்லை. நித்யாவின் காதில் மட்டும் கம்மலுக்குப் பதிலாகத் துடைப்பக் குச்சி இருந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்தாள். "சும்மா ஃபேஷன்மா, டென்ஷன் ஆவாத" என்றாள்.

தாயி வந்த அன்று முத்துவும் இருந்தார். அவரைப் பார்த்ததும் முத்து எழுந்து நின்றார். இந்தியும் தமிழுமாகக் கத்தினார்.

"வலி வந்தா பாத்துக்கிட்டே இரி, போயிரும்னு சொல்லிக் குடுத்தது நீங்கதான? இப்ப பாருங்க, போயிட்டு. காலே போயிட்டு! இவ என்னன்னா, சாமியே எறங்குன மாதிரி உக்காந்திருந்தா. வீட்டுல நாங்க என்னத்தக் கண்டோம்?"

நர்ஸ் ஓடிவந்தாள். தாயி நகரவில்லை. தமிழ் அவருக்குத் தெரியாது, ஆனால் எல்லாம் புரிந்த முகம். என் கட்டில் விளிம்பில் கையை வைத்து என்னிடம் இந்தியில் கேட்டார்.

"அன்று தண்ணீர்போல ஓடுகிறது என்றாயே. அப்போதே முதுகும் வலித்ததா?"

"வலிச்சுது."

"என்னிடம் சொல்லவில்லையே."

"நீங்க கேக்கல தாயி. நானும் டாக்டர்ட்ட காட்டியாச்சே, ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களேன்னு இருந்துட்டேன்."

தாயி, "உன் மனதைப் பற்றித்தான் கேட்டேன். காலைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்" என்றார். பிறகு முத்துவின் பக்கம் திரும்பி, கைகூப்பி, "நீங்கள் கோபப்படுவது நியாயம். இனி என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் உடம்பைக் கேட்பேன். இவளுக்கு அது உதவாது. எனக்குத் தெரிகிறது" என்றார்.

முத்து சண்டைக்குத் தயாராக இருந்தவர். எதிரே சண்டை இல்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார். "உக்காருங்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் தாயி போனபின் என்னிடம், "இனிமே இந்தக் கண்ண மூடுத சோலியே வேண்டாம், கேக்கியா?" என்றார். சரி என்றேன். அந்த வேளையில் எனக்கும் வேண்டாமென்றுதான் இருந்தது.

முதுகைத் திறந்து சீழையும் அரித்த எலும்பையும் எடுத்துவிட்டு, மேலும் கீழும் திருகாணி போட்டுக் கம்பியால் பிணைத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது தொண்டையில் குழாய் போட்ட எரிச்சல், முதுகில் நெருப்பு. கால் அப்படியே இருந்தது. டிபி மாத்திரை குமட்டியது. குழாயில் வந்த சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் இருந்ததைப் பார்த்து நித்யா பயந்துபோனாள். மருந்தின் நிறம்தான் என்று நர்ஸ் சொன்னாள். எலும்பு டிபி மற்றவருக்கு ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், பக்கத்து வீட்டிலிருந்து பார்க்க வந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசல் ஓரமாக நின்றார்கள்.

நாள்கள் போயின. முத்து வருவார், அழுத்துவார், கேட்பார். தெரியல. அவர் கேட்கும் குரலில் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஆனாலும் ஒருநாளும் கேட்காமல் இருந்ததில்லை.

ஒரு சாயங்காலம் அவர் இடது கட்டைவிரலைப் பிடித்திருந்தார். எனக்கு எங்கோ ரொம்பத் தூரத்தில் மிளகாய் அரைத்த கை எரிவதுபோல் இருந்தது.

"எரியுது" என்றேன்.

அவர் பயந்துபோய்க் கையை எடுத்தார். "நான் பையத்தான பிடிச்சேன். டாக்டர கூப்புடட்டா?"

"எடுக்காதிய! கையை எடுக்காதிய!"

மறுபடி பிடித்தார். எரிந்தது. இன்னும் அழுத்தச் சொன்னேன். வலித்தது. எத்தனையோ மாதம் வலியை அசையாமல் பார்த்தவள் அன்று வார்டு முழுக்கக் கேட்கும்படி, "வலிக்கு! வலிக்கு!" என்று கூவினேன். முத்து என் பாதத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு தேம்பினார்.

அடுத்த கட்டிலில் லாத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகச் சொன்னார். உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. நான் கையை நீட்டினேன். அன்று அவர் நீட்டவில்லை.

லாத்தா எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். ஸ்ட்ரெச்சரில் வந்தவர் ஸ்ட்ரெச்சரிலேயே போனார். நான் நெஞ்சுக்கூட்டை இறுக்கும் பெல்ட்டோடு, வாக்கரைப் பிடித்து நடந்து வெளியே வந்தேன். மாத்திரை ஒரு வருடத்துக்கும் மேல் தொடர்ந்தது. இடது பாதம் இன்றும் பாதி மரத்தே இருக்கிறது. செருப்புக்குப் பின்பட்டை வைத்துத் தைத்துக்கொண்டேன். அந்தக் கிருமி எங்காவது ஒளிந்திருக்கிறதா, திரும்ப வருமா என்ற நினைப்பு இல்லாமல் ஒருநாளும் விடிவதில்லை. லேசாக முதுகு பிடித்தால்கூட டாக்டரிடம் ஓடுகிறேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

தியானத்தை விட்டுவிட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் பயம் விடவில்லை. வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைப் பார்த்தேன். அப்புறம் தலையிலிருந்து கீழே இறங்கினேன். மரத்த பாதத்தில் வந்து நின்றேன். இங்கே தெரியவில்லை, அவ்வளவுதான். அது எந்தப் படி, அடுத்த படி என்ன என்று கணக்குப் பார்க்கவில்லை. விழிப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உள்ளதை உள்ளபடி பார் என்று முதல் நாளே சொல்லித் தந்தார்கள். நானோ, உண்மையில் இருந்ததைவிட நல்லதாக ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி உட்காருவதை முத்துவிடம் சொல்லிவிட்டேன். அவர் முதலில் முறைத்தார். இப்போது, நான் உட்காரப் போகும்போதெல்லாம், "இன்னைக்கு எங்கயாச்சும் வலிக்கா?" என்று கேட்கிறார். பதில் சொல்லாமல் கண்ணை மூட விடமாட்டார்.

போன மாதம் வாக்கர் இல்லாமல், கைத்தடியோடு, நித்யாவைக் கூட்டிக்கொண்டு சீத்தா கேம்ப்புக்குப் போனேன். லாத்தாவின் கட்டிலை வாசலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். தெருவில் போகிறவர்களோடு பேசலாம் என்று. இடியாப்பத்தை இப்போது மருமகள் பிழிகிறாள். லாத்தா படுத்தபடியே மாவின் பதம் சொல்கிறார். நான் நடந்து வருவதைத் தெருமுனையிலிருந்தே பார்த்திருக்கிறார்.

"வா புள்ள. நல்லா நடக்குற" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை விடவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் நித்யாவும் மருமகளும் உள்ளே போனார்கள். லாத்தா குரலைத் தாழ்த்தினார்.

"ஆஸ்பத்திரியில கண்ண மூடிக்கிட்டு கெடப்பியே, அது என்னது? ஓதுறதா?"

"ஓதுறது இல்ல லாத்தா. சும்மா மூச்சைப் பாக்கது."

"எனக்குச் சொல்லு. என் தொழுகை எனக்கு இருக்கு, அது வேற. நடுவுல நேரம் போக மாட்டேங்குது. கெடந்து கெடந்து மனசு என்னென்னமோ நெனக்குது."

சொல்லித் தரும் தகுதி எனக்கு இல்லை. மூக்கு நுனியில் காற்று உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் கவனிக்கச் சொன்னேன். உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படுக்கைப் புண் இருக்கிறதா, டாக்டர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு இருவரும் கண்ணை மூடினோம். வெளியே ஒரு பையன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனான்.

சற்று நேரத்தில் அவர் கூப்பிட்டார். "செல்வி."

"என்ன லாத்தா?"

"மூச்சு தெரியுது. ஆனா பயம் போகல."

"எனக்கும் போகல."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "போகலையா? நடந்துட்டியே நீ! அப்புறம் எதுக்கு உக்காருற?"

அவரிடம் பொய் சொல்லக்கூடாது என்று இருந்தது.

"முன்னெல்லாம் பயம் வந்தா எந்திரிச்சு ஓடிருவேன் லாத்தா. இப்ப ஓட முடியல. அதான், அதுகூடச் சும்மா இருந்து பாக்கேன்."

லாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓட முடியாதவளுவ ரெண்டு பேரு" என்றார். வயிறு குலுங்காத சிரிப்பு. முகத்தில் மட்டும் இருந்தது. அது அடங்க நேரம் ஆனது. அடங்கியபின் கண்ணை மூடிக்கொண்டு, "சரி, இன்னும் கொஞ்ச நேரம் இரி" என்றார்.

இருந்தேன்.